திரியின் நுனியில் ஒரு மணி

“தீயில காட்டினியா இல்லையா, அதை மட்டும் சொல்லு.”

“காட்டினேன்.”

“வெள்ளையா வந்துச்சா?”

“வந்துச்சு விக். விடுங்களேன்.”

“எதுக்குடா வள்ளுன்னு விழற? பார்க்க மினுமினுன்னு இருக்கேன்னு கேட்டேன். போன தடவை நீ போட்ட திரி இவ்வளவு மினுக்கலையே.”

“இது வேற கடையில வாங்கினது.”

“அவனை விடுய்யா,” என்று நடுவில் புகுந்தார் பெர்னி அம்மாள். “முப்பது வருஷம் வெல்டிங் தீயைப் பார்த்துப் பார்த்து உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. மினுக்குதாம்! நோலன் கை வெச்சா சரியாத்தான் இருக்கும். என்னோடதைக் குடு கண்ணு. காலையில இருந்து வாய் நமநமங்குது.”

அவருடைய மின்சிகரெட்டின் அட்டோமைசரை மூடித் திருகி, பேட்டரிக் குழாயின் தலையில் பொருத்திக் கொடுத்தேன். கட்டைவிரல் பருமனுள்ள எஃகுத் தலை அது. பெர்னி கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார். கஸ்டர்ட் வாசனையோடு கொழுத்த ஆவி எழுந்து அவர் முகத்தை மறைத்தது. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஆஹா. பார்த்தியா விக்? இதுக்குப் பேர்தான் கை.”

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விக் கேட்ட முதல் கேள்விக்கு நான் சொன்னது உண்மை. இரண்டாவதற்குச் சொன்னது பொய்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருடம் பிப்ரவரி மாதம். ஈரி ஏரி கரையோரம் முழுக்க உறைந்து கிடந்தது. நாங்கள் இருந்தது பௌலிங் கூடத்தின் பின்னறையில். பிறந்தநாள் விருந்துகளுக்கு வாடகைக்கு விடும் அறை அது; சுவரில் யாரோ ஒட்டிய பலூன் நூல்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம் அங்கே கூடுவோம். எல்லோரும் சிகரெட்டை விட்டவர்கள், அல்லது விடப் பார்க்கிறவர்கள். விட்டவர்கள் தங்கள் கடைசிப் பாக்கெட்டைக் கொண்டுவந்து ஊறுகாய் ஜாடி ஒன்றில் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஜாடி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அதில் பெர்னியின் பாக்கெட்டும் இருந்தது, மூன்று சிகரெட் மிச்சத்தோடு. அறுபத்தொரு வயதில், நாற்பத்துமூன்று வருடப் பழக்கத்தை அவர் அந்த ஜாடிக்குள் போட்டு மூடியபோது, அறை முழுக்கக் கைதட்டியது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வந்தவுடன் எல்லோரும் தங்கள் அட்டோமைசர்களைக் கழற்றி என் முன்னால் வரிசையாக வைப்பார்கள். ஜூஸ் என்று நாங்கள் சொல்லும் நிகோடின் திரவத்தை உறிஞ்சுகிற பழைய திரியையும், அதைச் சூடாக்கி ஆவியாக்குகிற கம்பியையும் எடுத்துவிட்டு நான் புதிதாகப் போட்டுத் தருவேன்.

அந்த வேலை பார்க்கச் சுலபம். செய்தால்தான் தெரியும். முதலில் திரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலிகா திரி வெள்ளை நூல்கயிறு போல இருக்கும். நீர்த்த ஜூஸ் ஊற்றுகிறவருக்கு இரண்டு மில்லிமீட்டர் போதும். பெர்னியைப் போலப் பாயசம் மாதிரி ஜூஸ் விரும்புகிறவருக்கு மூன்று மில்லிமீட்டர் வேண்டும். இல்லையென்றால் அது ஏறாது. பிறகு நீலத் தீ கக்கும் லைட்டரில் திரியைக் காட்ட வேண்டும். ஆலையில் பூசிய பசையெல்லாம் எரிந்துபோய் திரி சுத்தமாகும். நல்ல சிலிகா தீயில் வெண்மையாக ஜொலிக்கும். தீயை எடுத்ததும் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அதன் மேல் மெல்லிய கம்பியை ஐந்து சுற்று சுற்றி, இரண்டு முனைகளையும் திருகாணிகளில் மாட்ட வேண்டும். இறுக்கிச் சுற்றினால் திரியின் கழுத்து நெரிந்துபோய், இழுக்கும்போது தொண்டையில் கருகல் அடிக்கும். தளர்த்திச் சுற்றினால் ஜூஸ் வாய்க்கே வரும். இறுக்கமும் தளர்வும் சேரும் அந்த இடம் விரலுக்குத்தான் தெரியும். என் விரலுக்குத் தெரிந்திருந்தது.

வாரத்தின் மற்ற நாட்களில் நான் அதே கட்டடத்தில் பந்து உருளும் பாதைகளுக்குப் பின்னால் வேலை பார்த்தேன். பந்து பட்டு விழும் கட்டைகளைத் தூக்கி நிறுத்துகிற இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பந்து வீசுகிறவர்களுக்கு நான் இருப்பதே தெரியாது. இயந்திரம் சிக்கிக்கொண்டால் மட்டும் மணியை அடிப்பார்கள். இடைவேளைகளில் எண்ணெய்க் கையோடு கதைப் புத்தகம் படிப்பேன். பெயர் வாயில் நுழையாத தூர தேசத்துக்காரர்கள் எழுதிய கதைகள். அதில் வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பெரிய கணத்துக்காகக் காத்திருப்பார்கள். என்னுடைய பெரிய கணம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்தது. “நோலன் வந்துட்டான்” என்று யாராவது சொல்வார்கள். நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். பூதக்கண்ணாடி விளக்கை எனக்காகத் திருப்பி வைப்பார்கள்.

அந்த வாரம் எனக்கு வர வேண்டிய சிலிகா பார்சல் வரவில்லை. பனிப்புயலில் எங்கோ நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையிலிருந்தது ஒரு சாண் திரி. மேஜையில் ஏழு அட்டோமைசர் வரிசையாக நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை இரும்புக் கடைக்குப் போனேன். கோடைக்கால மிச்சங்களைத் தள்ளிவிடுகிற அலமாரியில், தோட்டத்தில் நட்டுக் கொளுத்துகிற மூங்கில் பந்தங்களும் அவற்றுக்கான மாற்றுத் திரிகளும் கிடந்தன. எடுத்துப் பார்த்தேன். வெள்ளையாக, மெத்தென்று, பின்னல் வேலையோடு. தடிமனாக இருந்தாலும் இழை இழையாகப் பிரிக்கலாம். அட்டையின் பின்பக்கத்தில் கண்ணாடி இழை என்று அச்சடித்திருந்தது. நான் அதைப் படித்தேன். படிக்காமல் வாங்கிவிட்டேன் என்று பிற்பாடு எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்தேன், ஆனால் படித்தேன்.

காருக்குள் உட்கார்ந்து ஒரு துண்டைப் பிரித்துத் தீயில் காட்டினேன். சிலிகா என்றால் ஜொலித்துவிட்டு அப்படியே நின்றிருக்கும். இது ஆரஞ்சு நிறமானது, பின்வாங்கியது, நுனி உருகிச் சுருண்டு, கடுகளவு மணியாக உறைந்தது. மூச்சில் போகக்கூடாத பொருள் இது என்று எங்கள் இணையக் குழுவில் ஐம்பது பேராவது எழுதியிருந்தார்கள். அதில் ஒருவன் நான். உண்மையில் அது நுரையீரலில் என்ன செய்யும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதால்தான் கூடாது என்று எழுதினோம்.

கத்தரிக்கோலை எடுத்து அந்த மணியை வெட்டினேன். மிச்சத்தை அளவாக நறுக்கி, சிலிகா வைக்கிற டப்பாவில் போட்டேன்.

அவ்வளவுதான் நடந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

விக் அன்று என்னிடம் எதுவும் கொடுக்கவில்லை. அவர் நூல் திரியே போடுவதில்லை. எஃகு வலையைச் சுருட்டித் தானே செருகிக்கொள்வார். அதனால்தான் அவருக்குத் திரியைக் கூர்ந்து பார்க்க நேரம் இருந்தது. மற்ற ஏழு பேருக்கும் போட்டேன். கிளம்பும்போது பெர்னி என் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

“மிச்சம் இருக்கே. எனக்கு ஒரு முழம் வெட்டிக் குடு. வீட்டுல நானே போட்டுப் பழகறேன்.”

“வேண்டாம் பெர்னி, நானே போட்டுத் தரேன். கஷ்டம் அது.”

“ஓ, கத்துக்குடுக்க மாட்டியா? தொழில் ரகசியமோ?”

“குடுத்துத் தொலைடா,” என்றார் விக். “எல்லாரும் கத்துக்கிட்டா உன்னை யாரு தேடுவான்னு பயப்படறியா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்டிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் ஆலையில் அச்சு இயந்திரத்தின் முன் முப்பத்தைந்து வருடம் நின்றவர் பெர்னி. அவருடைய விரல் கணுக்கள் எல்லாம் வீங்கியிருந்தன. அந்த விரலால் அவ்வளவு மெல்லிய கம்பியைப் பிடிக்கவே முடியாது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அன்று ராத்திரியிலிருந்து என் விரல் நுனிகள் அரிக்கத் தொடங்கின. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகவில்லை. கண்ணுக்குத் தெரியாத இழைகள் தோலுக்குள் நின்றிருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன். பார்சல் இன்னும் வரவில்லை. இந்த முறை திரி தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். ஒருவரும் கோபப்படவில்லை. “சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, பெரிய பீட்ஸா ஒன்றை வரவழைத்தார்கள். இவ்வளவு சாதாரணமாக முடிகிற விஷயம் இது என்று எனக்குத் தெரியாது.

பெர்னி இருமிக்கொண்டிருந்தார். நீண்ட இருமல் இல்லை. பேச்சுக்கு நடுவே, கமா போடுகிற இடத்தில் எல்லாம் ஒரு சிறு இருமல்.

“இதென்ன கூத்துன்னு பாரு,” என்றார். “நாப்பத்துமூணு வருஷம் ஊதினேன், ஒரு நாள் இருமினதில்ல. விட்டப்புறம் இருமறேன். என் உடம்புக்கு என் மேலயே கோபம்.”

“எல்லாருக்கும் அப்படித்தான் வரும்,” என்றார் யூஜின். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். “எனக்கு ரெண்டு மாசம் இருந்துச்சு. நுரையீரல் தன்னைத் தானே கழுவிக்குது. இல்ல நோலன்?”

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. இந்த விஷயத்தில் என் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது.

“ஆமா பெர்னி,” என்றேன். “நல்லதுதான். உள்ள இருக்கற அழுக்கு வெளிய வருது.”

“அப்போ இன்னும் நாப்பத்துமூணு வருஷம் இருமணுமா?” என்று கேட்டு அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. யூஜின் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

யூஜின் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். சிகரெட்டை விட்ட பலர் அப்படித்தான் இருமுவார்கள். அந்த இருமல் திரியால் வந்ததா, விட்டதால் வந்ததா என்று எந்த மருத்துவரும் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. நான் பிடித்துக்கொண்டதும் அந்த ஒரு நூலைத்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே போனேன். இன்னொரு யோசனையும் ஓடியது. இப்போது உண்மையைச் சொன்னால் பயந்துபோய் ஜாடியைத் திறந்து அந்த மூன்று சிகரெட்டை எடுத்துவிடுவார். சொல்லாமல் இருப்பதுதான் அவருக்கு நல்லது. கேட்பதற்குக் கருணை மாதிரியே இருந்தது. என்னையே நான் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பார்சல் வந்தது. நூறடிச் சுருள். ஒரு துண்டை எடுத்துத் தீயில் காட்டினேன். வெண்மையாக ஜொலித்து, அணைந்து, அப்படியே நின்றது. படிக்கட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே வீடு வீடாகப் போகத் தொடங்கினேன். சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போறேன், குளிர்காலத்துல திரி சீக்கிரம் கெட்டுடும் என்று ஏதோ ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டேன். யாரும் சந்தேகப்படவில்லை. பழைய திரியை உருவி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உண்மையான சிலிகாவைச் சுற்றி, திருகி, இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். இதைக் களவு என்று சொல்ல முடியுமா தெரியவில்லை. வீட்டுக்குள் போய்த் தடயத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை யூஜின் என்னை விடவில்லை. ஆப்பிள் பை ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்தார்.

“என் சொந்தப் பொண்ணு பிட்ஸ்பர்க்ல இருந்து போன் பண்ணி நல்லா இருக்கியான்னு கேக்கமாட்டா. நீ பனியில காரை ஓட்டிக்கிட்டு என் திரியைப் பார்க்க வந்திருக்க. சாப்பிடு. சாப்பிடாம போனா எனக்குக் கோபம் வரும்.”

சாப்பிட்டேன். சட்டைப் பையில் இருந்த திரி துணியைத் தாண்டி மார்பில் குத்திக்கொண்டிருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. வாசலில் அவர் என்னைக் கட்டிப் பிடித்தார். அவருடைய கை என் முதுகில் இருந்த அந்த நேரம் முழுக்க, எப்போது விடுவார் என்று காத்திருந்தேன்.

வியாழக்கிழமை பந்துப் பாதைகளுக்குப் பின்னால் நான் வேலையில் இருந்தபோது விக்கின் குரல் கேட்டது. ஊழியர் கதவைத் திறந்து தலையை நீட்டியிருந்தார்.

“என்னடா, வீடு வீடா ஏறி இறங்கறியாம்? மேயர் எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?”

“சும்மா, பார்த்துட்டு வரேன்.”

“சும்மாவா.” அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இயந்திரங்கள் கடகடவென்று கட்டைகளை நிறுத்திக்கொண்டிருந்தன. “யார் யார் வீட்டுக்குப் போன?”

ஆறு பேரைச் சொன்னேன்.

“பெர்னி வீட்டுக்குப் போகலையா? அவதானே இருமிக்கிட்டுக் கிடக்கா.”

“போறேன்.”

“போ,” என்றார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

பெர்னி வீட்டுக்குக் கடைசியாகப் போக வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தத் தெருவுக்குத் திரும்புகிற சந்திப்பில் கார் நேராகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போனேன். தவக்காலம். கறி கிடையாது. சமையலறை மேஜை முழுக்க மாவைத் தூவி, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பியரோகி என்கிற போலந்துக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தார். சர்ச்சில் இரவு விருந்துக்குத் தர வேண்டுமாம்.

“வாங்க டாக்டர், வாங்க. ஊரெல்லாம் சுத்திட்டு இப்பத்தான் என் ஞாபகம் வந்துச்சா? யூஜின் வீட்டுல ஆப்பிள் பை எல்லாம் சாப்பிட்டியாமே. எனக்கு எல்லாச் செய்தியும் வரும்.” இருமினார். “உக்காரு. பூட்ஸைக் கழட்டு முதல்ல, தரையை இப்பத்தான் துடைச்சேன்.”

பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். என் வலது கால் உறையில் ஓட்டை இருந்தது. பெருவிரலை மறைத்துக்கொண்டேன்.

“பெர்னி, உங்க அட்டோமைசரைக் குடுங்க. திரியை மாத்திடறேன்.”

“நீ எதுக்கு மாத்தணும்? நானே மாத்திட்டேன்.” பெருமையாகக் கையைத் துடைத்துக்கொண்டார். “ஒரு தடவை இல்ல, நாலு தடவை. இந்த விரலை வெச்சுக்கிட்டு! முதல் தடவை ரெண்டு மணி நேரம் ஆச்சு. கம்பி தெறிச்சு எங்கயோ விழுந்துடும், நான் முட்டி போட்டுத் தேடுவேன். இப்ப அரை மணியில போட்டுடறேன்.”

ஜன்னல் விளிம்பில் இருந்த சாசரை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது. பாரு.”

சாசரில் பத்துப் பன்னிரண்டு மணிகள் கிடந்தன. கடுகளவு, ஒன்றிரண்டு மிளகளவு. ஒவ்வொன்றும் வெட்டுப்பட்ட வால் போலச் சிறு இழையோடு.

“தீயில காட்டினா வெள்ளையா வரும்னு சொன்னியே. எனக்கு இப்படி உருண்டுக்குது. லைட்டரைக் கிட்ட வெச்சுப் பார்த்தேன், தூர வெச்சுப் பார்த்தேன், அடுப்புலகூடக் காட்டினேன். என் கை நடுங்கறதாலதான் இப்படி ஆகுதுன்னு நினைக்கறேன். ஒரே இடத்துல பிடிக்க முடியல. அதான் மணியை வெட்டிட்டு மிச்சத்தைப் போட்டேன். அது தப்பில்லையே?”

வாயைத் திறந்தேன். ‘தீ ரொம்பக் கிட்ட போயிடுச்சு, அவ்வளவுதான்’ என்ற வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, சாசரைக் கவிழ்த்து, புதுத் திரியைப் போட்டுவிட்டு, நான்கு பியரோகி சாப்பிட்டுவிட்டுப் போய்விடலாம். பெர்னி நம்பியிருப்பார். தன் கையைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

“லோரெய்னுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்தேன்,” என்றார், மாவை மடித்துக்கொண்டே. “என் தங்கச்சி. டன்கர்க்ல இருக்கா. நுரையீரல் பாதிதான் வேலை செய்யுதுன்னு டாக்டர் சொல்லிட்டார், அப்பவும் சிகரெட்டை விடமாட்டேன்னா. போன ஞாயிறு போய் உக்காந்து, அவ கண்ணு முன்னாடியே சுத்திக் காட்டினேன். அஞ்சு நாளாச்சு, அவ ஒரு சிகரெட் தொடல. நினைச்சுப் பாரு! மிச்சத் திரியையும் அவகிட்டயே குடுத்துட்டேன்.”

“பெர்னி.”

“என்ன?”

“உங்க கை மேல தப்பு இல்ல.”

“பின்ன?”

“அது சிலிகா இல்ல.”

அவர் மடித்துக்கொண்டிருந்ததைக் கீழே வைக்கவில்லை.

“பின்ன என்ன?”

“தோட்டத்துல நட்டுக் கொளுத்துவோம்ல, மூங்கில் பந்தம். அதுக்குப் போடற திரி. கண்ணாடி இழை.”

“கொசுவுக்குக் கொளுத்தறதா?” அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. “கடையில ஏமாத்திட்டானா உன்னை?”

“இல்ல.”

“தெரியாம வாங்கிட்டியா?”

இதற்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே கதவைத் திறந்து வைத்திருந்தார்.

“தெரிஞ்சுதான். எனக்கும் அப்படி மணி வந்துச்சு. வெட்டிட்டேன்.”

பெர்னி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து அதை அணைக்கவில்லை.

“ஏன்?”

“பார்சல் வரல. ஏழு பேர் காத்துக்கிட்டிருந்தீங்க.”

“திரி இல்லைன்னு சொன்னா என்ன ஆகியிருக்கும்?”

சாசரில் இருந்த ஒரு மணியை விரலால் நகர்த்தினேன்.

“ரெண்டு ஆட்டம் பௌலிங் ஆடிட்டு வீட்டுக்குப் போயிருப்போம், நோலன். யாரு உன்னை அடிக்கப் போறா?” அவர் தன் விரல்களைப் பார்த்தார். கணுக்களில் மாவு ஒட்டியிருந்தது. “மூணு வாரமா நான் என் கையைத் திட்டிக்கிட்டிருந்தேன்டா. ராத்திரி வெந்நீர்ல ஊற வெப்பேன், நடுக்கம் நிக்குமான்னு.”

“மன்னிச்சுக்கங்க பெர்னி.”

“நான் இருமினப்போ என்ன சொன்ன?”

தலையைக் குனிந்துகொண்டேன். என் பெருவிரல் ஓட்டைக்கு வெளியே வந்திருந்தது.

“இல்ல, சொல்லு. எல்லாரையும் வெச்சுக்கிட்டுச் சொன்னியே. என்ன சொன்ன?”

“அழுக்கு வெளிய வருதுன்னு.”

“ஆங்.” ஒரு முறை இருமி, தண்ணீர் குடித்தார். என்னைப் பார்க்கவில்லை. “மத்த ஆறு பேரு?”

“மாத்திட்டேன். அதுக்குத்தான் போனேன்.”

“சொன்னியா அவங்ககிட்ட?”

“இல்ல.”

“யூஜின்கிட்டயும் சொல்லல. அவர் குடுத்த ஆப்பிள் பையை மட்டும் தின்னுட்டு வந்திருக்க.”

“நல்ல திரி கொண்டுவந்திருக்கேன்,” என்றேன். என் குரல் எனக்கே அழுவதுபோலக் கேட்டது. “இப்பவே உங்களுக்குப் போட்டுடறேன். நாளைக்கு டன்கர்க் போய் உங்க தங்கச்சிக்கும் நானே மாத்திக் குடுத்துடறேன். ஒரு மணி நேரம்தான் ஆகும்.”

“எப்படி? யூஜினுக்கு மாத்தின மாதிரியா?”

அவர் எழுந்தார். அடுப்பை அணைத்தார். தன் அட்டோமைசரைக் கழற்றி, சாசரில் மணிகளோடு சேர்த்து வைத்து, மேஜையின் நடுவே தள்ளினார். சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்து, மாவு அப்பிய விரலால் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். மணி அடிப்பது எனக்கே கேட்டது. மூன்று, நான்கு.

“லோரெய்ன்? நான்தான். ஒண்ணும் இல்ல, பயப்படாத. அதை இப்ப வாயில வெச்சிருக்கியா? கீழ வை. ஏன்னு சொல்றேன், முதல்ல கீழ வை. வெச்சுட்டியா? சரி. ஒருத்தன் பேசணுங்கறான், இரு.”

சுருண்ட ஒயர் நீள, ரிசீவரை என் பக்கம் நீட்டினார். அதற்குள்ளிருந்து மெலிந்த, மூச்சு வாங்கும் குரல் ஒன்று “யாரு, திரி போடற அந்தப் பையனா?” என்று சந்தோஷமாகக் கேட்டது.

“எங்கிட்ட சொன்ன மாதிரியே அவகிட்டயும் சொல்லு,” என்றார் பெர்னி. “மணியை வெட்டினதையும் சேர்த்துச் சொல்லு.”